வெள்ளை வட்டமும் ஒரு முழு முறுக்கும்

(சிதம்பரத்தில் குழந்தைகளுக்கென அமைந்த புதிய எக்ஸ்ரே அறையின் திறப்பு விழாவில் மேல்பட்டாம்பாக்கம் மங்கலம் அம்மாள் ஆற்றிய உரை)

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் நோயை வெளிச்சம் போட்டு வெளியே இழுக்கும் வித்தகர், இவ்விழாவின் தலைவர், டாக்டர் ராபர்ட் ஐயா அவர்களே! என் பேத்தியின் உயிரை என் மடிக்கே திருப்பிக் கொடுத்த கைகளுக்குச் சொந்தக்காரர், மருத்துவர் சத்யப்பிரியா அம்மையார் அவர்களே! கிள்ளையிலிருந்து கடல் காற்றைக் கூட்டிக்கொண்டும், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கரும்பு வாசத்தைச் சுமந்துகொண்டும் பேருந்தேறி வந்து, நிலையத்தில் இறங்கி, ஆட்டோவுக்கு நின்று நின்று அலுத்து, கடைசியில் நடந்தே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக, அழுகிற பிள்ளையை ஆட்டிக்கொண்டே என் பேச்சுக்கும் காது கொடுக்கிற தாய்மார்களே! உள்ளே வருவதா, டீ குடித்துவிட்டு வருவதா என்று வாசற்படியில் நின்று யோசிக்கும் தம்பிமார்களே! உள்ளே வாருங்கள், டீ இங்கேயே வரும். உங்கள் அத்தனை பேருக்கும் ஐந்தாம் வகுப்பு மங்கலத்தின் ஆயிரம் வணக்கங்கள்!

ஐந்தாம் வகுப்பு என்று நான் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்கு நெல்லிக்குப்பம் போக வேண்டியிருந்தது. அதற்குள் கரும்புக் கட்டு என் தலைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் தமிழை விடவில்லை. எங்கள் ஊர் மைதானத்தில் எவர் ஒலிபெருக்கி கட்டினாலும் முதல் வரிசையில் முந்தானையை விரித்து உட்கார்ந்தவள் நான். எந்தக் கொடி என்று பார்க்கமாட்டேன். பேசுகிறவர் வாயில் தமிழ் எப்படி நடக்கிறது என்றுதான் பார்ப்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழை மகளிர் குழுக் கூட்டங்களில் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஐயா செயலாளரே, மணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரிகிறது.

முதலில் என் வீட்டுப் பிள்ளைகள் பெற்ற வெற்றிகளை இந்த மன்றத்தில் முழங்கிவிடுகிறேன். முழங்காமல் கீழே இறங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் மூத்த பேரன் அருண்பாண்டியன்! பொறியியல் படித்து, ஓசூரில் வண்டி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறான். எங்கள் வம்சத்தில் வண்டியில் பாரம் ஏற்றியவர்கள் உண்டு. வண்டியையே செய்தவன் அவன்தான். இரண்டாவது பேரன் செந்தமிழ்செல்வன்! வழக்கறிஞர். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கி படபடக்க அவன் நடந்து வந்தால் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்துவிடும். வீட்டில் மட்டும் ஒரு வழக்கிலும் அவன் ஜெயித்ததில்லை, எதிர்வழக்காடுவது நான். பேத்தி காயத்ரி! கோகோ விளையாட்டில் மாவட்டத்தில் இரண்டாமிடம். அவள் வாங்கிய கோப்பையைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் வைத்திருக்கிறோம். அதன் தலைதான் படத்தை மறைக்கிறது, இருந்தாலும் எடுக்கமாட்டோம். அடுத்தவள் சிந்துஜா! இதோ, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, "போதும் ஆயா, ஆரம்பி" என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைப் படித்து, கடலூரில் மூன்று வருடம் வேலை பார்த்து, இன்றைக்கு இந்தப் புதிய அறைக்கே பொறுப்பாக வந்திருக்கிறாள்.

இரண்டு மாதக் கைக்குழந்தையை விட்டால் கடைக்குட்டி, என் மகன் ராஜ்கமலின் மூத்த பெண், அனுப்பிரியா. வயது இரண்டரை. அவள் அடைந்த வெற்றி என்ன தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு முழு முறுக்கைக் கடித்து, மென்று, விழுங்கினாள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். "இந்த அம்மாவுக்குப் பெருமை பேச வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா" என்று அந்த மூன்றாவது வரிசை அக்கா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் தாய்மார்களே, ஆலையும் நீதிமன்றமும் கோப்பையும் ஒரு பக்கம் வைத்து, அந்த ஒரு முறுக்கை மறுபக்கம் வைத்தால், என் வீட்டில் எல்லோரும் முறுக்குப் பக்கம்தான் நிற்போம். ஏன்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன ஆடி மாதம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தீமிதி. ராஜ்கமல் வீட்டு முகப்பில் வண்ண வண்ணமாக மின்னும் பட்டை விளக்கு ஒட்டியிருந்தான். அதற்கு ஒரு ரிமோட். உள்ளங்கையில் அடங்கும், அட்டை போல மெல்லியது. சிவப்பு வேண்டுமா, நீலம் வேண்டுமா, ஓடி ஓடி எரிய வேண்டுமா, எல்லாம் அந்த அட்டையில்தான். திருவிழா முடிந்த மறுநாள் காலை ஏழு மணி. வீடெல்லாம் விருந்தாளி, அடுப்பெல்லாம் பாத்திரம். அனு கூடத்தில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓர் இருமல். ஓர் உமட்டல். பிறகு வாயோரம் எச்சில் வடிய உட்கார்ந்துவிட்டாள். இட்லியை ஊட்டினால் துப்புகிறாள். பால் கொடுத்தால் தலையைத் திருப்புகிறாள்.

என் மருமகள் ரேகா பதறினாள். "அத்த, புள்ள என்னமோ மாதிரி இருக்குது, டாக்டருகிட்ட காட்டிடலாமா?"

அப்போது இந்த மங்கலம் என்ன சொன்னாள்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் மகளிர் குழுத் தலைவி என்ன சொன்னாள்? "அடி போடி, நேத்து திருவிழாவுல முறுக்கு தின்னுச்சி. தொண்டையில நின்னுருக்கும். தொக்கம் எடுத்தா சரியாப் போவும்" என்றாள்!

தொக்கம் எடுப்பது என்றால் இங்கே பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பேருக்குச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தின்றது தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டது என்றால், அதற்கென்று கைராசிக்காரர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போவோம். அவர் எண்ணெய் தொட்டு வயிற்றைத் தடவி, தொண்டையை நீவி, ஊதி, சிக்கியதை எடுத்துக் காட்டுவார். நானும் அப்படி எடுத்து வளர்ந்தவள். என் பிள்ளைகளுக்கும் எடுத்தவள். எங்கள் தெருவில் தொக்கம் எடுப்பவர் முத்தம்மாள். அவளும் நானும் ஒரே நாளில் அந்த ஊருக்கு வாழ வந்தவர்கள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். முத்தம்மாள் மடியில் போட்டாள். வயிற்றைத் தடவினாள். தொண்டையை நீவினாள். விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தோரம் துழாவினாள். வந்தது! கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு முறுக்குத் துண்டு!

"இந்தா பாரு மங்கலம், இதான் நின்னுக்கிட்டு இருந்துச்சி" என்றாள்.

"நான் சொன்னேன்ல!" என்று நான் தெருவே கேட்கும்படி சொன்னேன்.

அந்த முறுக்குத் துண்டை வெற்றிக் கோப்பை போலக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ரேகாவுக்குக் காட்டினேன். ராஜ்கமலுக்குக் காட்டினேன். அழுது களைத்த அனு தூங்கிவிட்டாள். "பாத்தியா, சுகமாத் தூங்குது" என்றேன். தாய்மார்களே, அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்தியா!

மணி பத்து. சிந்துஜா திருவிழா விடுமுறை முடிந்து கடலூருக்குப் புறப்பட்டவள், சொல்லிக்கொண்டு போக வந்தாள். தூங்குகிற குழந்தையை முத்தமிடக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஆயா, தலகாணி ஏன் இப்புடி நனைஞ்சிருக்குது?"

"எச்சி வடியுதுடி. பல்லு மொளைக்குது."

"எச்சியக்கூட முழுங்க முடியல ஆயா அதுக்கு. என்னா நடந்துச்சி?"

சொன்னேன். பெருமையோடு சொன்னேன். முறுக்குத் துண்டையும் காட்டினேன். பத்திரமாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன் அல்லவா! அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரி, முறுக்கு வந்துச்சி. உள்ள வேற ஒண்ணும் இல்லன்னு பாத்தியா?"

"வயித்துக்குள்ள எப்புடிடி பாக்கிறது? அங்க கண்ணு போவுமா?"

"போவும். கெளம்பு, காட்டுறேன். ஒரு எக்ஸ்ரே போதும்."

"எக்ஸ்ரேவா! பச்சப் புள்ள உடம்புல அந்த வெளிச்சத்த உட்டா கருகிப் போயிடும்டி!"

"ஆயா, நான் தெனமும் எடுக்கிறேன், ஒரு புள்ளயும் கருகல. சின்ன ஒடம்புக்குச் சின்ன அளவு வச்சி எடுப்போம். நீ பேசிக்கிட்டு இருக்கிற நேரத்துல எடுத்து முடிச்சிருக்கலாம்."

என்னிடம் அப்படி வீட்டில் எவரும் பேசியதில்லை. வழக்கறிஞர் பேசியதில்லை! குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவன் ரேகாவின் தம்பி சேரன். நெல்லிக்குப்பம் தாண்டும்போது அனு விழித்துக்கொண்டாள். அழவில்லை. அழுவதற்கும் விழுங்க வேண்டும் போலிருக்கிறது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

(அங்கே யாரோ "ஐயோ" என்கிறீர்கள். பொறுங்கள் அம்மா. பிள்ளை இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். யாருடைய செருப்பையோ எண்ணிக்கொண்டிருக்கிறது.)

கடலூரில் சிந்துஜா வேலை பார்த்த மருத்துவமனை. எக்ஸ்ரே அறை வாசலில் நிறுத்தினாள். அப்போது ரேகாவுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது. ராஜ்கமல் வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கியிருந்தான். குழந்தையை அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். யார்? நான்தான்! ஈயம் வைத்துத் தைத்த அங்கி ஒன்றை எனக்குப் போர்த்தினார்கள். கரும்புக் கட்டு சுமந்த தோள். அந்தப் பாரம் எனக்குப் பாரமே இல்லை. ஆனால் அடுத்து என் பேத்தி சொன்னதுதான் பாரம்.

"தாயத்தக் கழட்டு ஆயா."

அனு பிறந்த பதினாறாம் நாள் நான் கழுத்தில் கட்டியது. குளிக்கும்போதுகூட அவிழ்த்ததில்லை. "அது மட்டும் முடியாது" என்றேன்.

சிந்துஜா கத்தவில்லை. என் காதருகில் வந்து சொன்னாள்: "அது செம்பு ஆயா. படத்துல வெள்ளையா வுழும். அடியில என்னா இருந்தாலும் மறைச்சிப்புடும். அனுவக் காப்பாத்தத்தான கட்டின? இப்ப அவுத்தாத்தான் காப்பாத்தும்."

அவிழ்த்தேன். அவிழ்த்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். குழந்தையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டைப் பாடினேன். பாட்டு இரண்டாவது அடிக்குப் போகவில்லை. "முடிஞ்சிச்சி ஆயா" என்றாள். அவ்வளவுதானா? அந்த ஒரு நொடிக்கா நான் அத்தனை நாழிகை வாதாடினேன்?

திரையில் படம் எழுந்தது.

பெரியோர்களே, தாய்மார்களே! அறுபத்தெட்டு வயதில் நான் அன்றுதான் ஒரு மனித உடம்பின் உள்ளே பார்த்தேன். முடைந்த கூடை போல விலா எலும்புகள். நடுவே கைப்பிடியளவு இதயம். இரண்டு பக்கமும் காற்று நிறைந்த நுரையீரல். என் பேத்தி உள்ளேயும் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று ஒரு கணம் மயங்கிவிட்டேன். அடுத்த கணம் பார்த்தேன். தாயத்து தொங்கிய இடத்துக்கு நேர் உள்ளே, கோலத்துக்கு வைத்த மாவுப் புள்ளி போல, வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்!

கதவிடுக்கில் தலையை நீட்டிக்கொண்டிருந்த சேரன், "காசு! காசத்தான் முழுங்கியிருக்குது! அக்கா, பயப்படாத. ரெண்டு வாழப்பழம் குடுத்தா நாளைக்கு வெளிய வந்துடும்" என்று ரேகாவுக்குக் கத்திச் சொன்னான். எனக்கும் உயிர் வந்தது. காசுதானே! எங்கள் தெருவில் காசு விழுங்காத பிள்ளை எது?

சிந்துஜா அந்த வட்டத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரையில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே போனாள். பிறகு குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தாள்.

"ஆயா, இங்க பாரு. காசுன்னா ஒரு ஓரந்தான் இருக்கும். இதுல ஓரத்துக்குள்ள இன்னொரு ஓரம் தெரியுது. பக்கவாட்டுல பாரு, படிக்கட்டு மாதிரி ஒரு படி. இது காசு இல்ல." அந்தப் படியின் மேல் விரலை வைத்தாள். "பேட்டரி. ஈரத்துல பட்டதும் வேல செய்ய ஆரம்பிச்சிருக்கும். உள்ள சுட்டுக்கிட்டு இருக்குது ஆயா."

சொல்லிவிட்டு ஓடினாள். எழுதி வாங்க வேண்டும், வரிசையில் வைக்க வேண்டும், பெரிய டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் நிற்கவில்லை. ஒரு கால் செருப்பு கழன்று அறை வாசலிலேயே கிடந்தது. மாடிப்படி ஏறி, சத்யப்பிரியா அம்மையார் முன்னால் போய் நின்று படத்தை நீட்டினாள். அம்மையார் அரை நிமிடம் பார்த்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சி? வீட்டுல எதுல வட்ட பேட்டரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நான் ராஜ்கமலுக்குப் போன் போட்டேன். அவன் தேடினான். எனக்கு அது ஒரு யுகம்.

"ம்மா... லைட்டு ரிமோட்டு பின்பக்கம் தொறந்து கெடக்குதும்மா. உள்ள ஒண்ணும் இல்லம்மா."

அதோ, மணி அடித்துவிட்டார் செயலாளர்! ஐயா, என் பேத்தி தொண்டையில் பேட்டரியோடு இருக்கும்போது நான் எப்படி இறங்குவேன், சொல்லுங்கள்! ("பேசுங்க ஆயா!" என்று பெண்கள் பக்கம் சொல்கிறது. கேட்டதா செயலாளரே? தீர்மானம் நிறைவேறிவிட்டது.)

பன்னிரண்டு மணிக்குக் கதவு மூடியது. பன்னிரண்டரைக்குத் திறந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை, கழுத்தை அறுக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். சத்யப்பிரியா அம்மையார் ஒரு சிறு கிண்ணத்தில் அதைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் அடுப்புக் கரி. "அஞ்சு மணி நேரம் இருந்திருக்கும்மா. இன்னும் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்" என்றார்.

நான் காலையில் ஒரு கிண்ணத்தில் முறுக்குத் துண்டை வைத்திருந்தேன். இப்போது இன்னொரு கிண்ணத்தைப் பார்த்தேன். முறுக்கு பொய்யா? இல்லை, அது கன்னத்தில் மெய்யாகவே இருந்தது. முத்தம்மாள் பொய் சொல்லவில்லை. நான்தான் கண்ணால் கண்ட ஒன்றை வைத்துக்கொண்டு, காணாத இடத்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டேன். குழந்தை எந்த இடத்தில் வெந்துகொண்டிருந்ததோ அந்த இடத்தையே நீவச் சொல்லி மடியில் போட்டவள் நான். இதை இந்த மேடையில், இந்த ஒலிபெருக்கியில் சொல்கிறேன். சொல்லி என்ன லாபம்? உங்களில் ஒருத்தி நாளைக்கு அப்படிப் போடாமல் இருந்தால் அதுவே லாபம்.

அதோடு முடியவில்லை. உள்ளே புண். பத்து நாள் மூக்கு வழியே குழாய், அதில்தான் பால். தட்டில் இட்லியைக் கண்டால் அனு வாயைத் திறப்பாள். கொடுக்கக்கூடாது. நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பதினோராம் நாள் மறுபடியும் எக்ஸ்ரே அறை. இந்தத் தடவை நின்ற படம் இல்லை, ஓடும் படம். மருந்து கலந்த வெள்ளைத் தண்ணீரைக் குழந்தை குடிக்க வேண்டும். அது இறங்குவதை அப்படியே திரையில் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தெரிந்துவிடும்.

கேட்பதற்கு முன்பே தாயத்தை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். ஈய அங்கியை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். கோப்பையை அனுவின் வாயில் வைத்தேன். "குடி கண்ணு." பார்த்தாள். "குடிடி என் ராசாத்தி." ஒரு வாய் உறிஞ்சினாள்.

ஆகா! மோட்டார் போட்டதும் காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் ஓடி வருமே, பார்த்திருக்கிறீர்களா? அப்படி வந்தது! தொண்டையில் இறங்கியது. புண் இருந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது. என் மூச்சும் அங்கேயே நின்றது. பிறகு, தாய்மார்களே, வளைந்தது, வழுக்கியது, வழிந்து வயிற்றுக்குள் விழுந்தது! ஒரு சொட்டுக் கசியவில்லை! ஒரு சொட்டு! "போயிடுச்சி! போயிடுச்சி!" என்று ஈய அங்கியோடு நான் ஆடிய ஆட்டத்தை அந்த மருத்துவமனையில் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்களாம். காட்டட்டும்!

அதற்கப்புறம் ஆறு மாதம் கஞ்சியும் மசித்த சோறும். தொண்டை சுருங்குகிறதா என்று இடையில் இன்னொரு சோதனை. போன வாரம்தான் அம்மையார், "இனிமே எது வேணும்னாலும் குடுங்க" என்றார். எது வேண்டும் என்று அனுவைக் கேட்டோம். என்ன கேட்டிருப்பாள்?

ஆமாம்! நீங்களே சொல்லிவிட்டீர்கள்! முறுக்கு! இப்போது சொல்லுங்கள் மூன்றாவது வரிசை அக்கா, அது வெற்றியா இல்லையா? கை தட்டுகிறீர்களே, அதுதான் பதில்!

இப்போது இந்த அறையைப் பற்றி. திறந்ததும் போய்ப் பார்த்தேன். குழந்தை படுக்கும் இடத்துக்கு நேர் மேலே, கூரையில் பிச்சாவரத்துப் படகும் மீனும் நாரையும் வரைந்திருக்கிறார்கள். மீனை எண்ணி முடிப்பதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். குழந்தையின் அளவுக்கே அளந்து வைத்த இயந்திரம். வயிற்று வலிக்கு ஒலியாலேயே பார்க்கும் ஸ்கேன் பக்கத்து அறையில். அதில் இந்த வெளிச்சம்கூடக் கிடையாது. பச்சைப் பிள்ளைக்குப் பேசத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாத பிள்ளைக்காகப் பேசும் வாய் இந்த அறை! அதற்காகச் சளி பிடித்தாலும் சிந்துஜா, சறுக்கி விழுந்தாலும் சிந்துஜா என்று வந்து வரிசை கட்டாதீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். வேண்டும் என்றால் மட்டும் என்னைப் போல வாசலில் நின்று வாதாடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. முத்தம்மா! எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் எனக்குத் தெரியாதா? எழுந்திரு!

("ஏ மங்கலம், சும்மா இருடி. நீ பேசிட்டு எறங்கு" என்கிறாள். கேட்டீர்களா, என்னை இறங்கச் சொல்ல எங்கள் ஊரில் அவளுக்குத்தான் உரிமை உண்டு.)

அனுவின் செய்தி கேட்டு முத்தம்மாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பேட்டரி எடுத்த மூன்றாம் நாள் கடலூருக்கு வந்தாள். சிந்துஜாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எனக்கு எப்புடித் தெரியும், பாப்பா? புள்ளையப் பாத்ததும் நான் என்னா கேக்கணும்?" சிந்துஜா சொல்லிக் கொடுத்தாள். எச்சில் நிற்காமல் வடிகிறதா? தண்ணீரைக்கூட விழுங்கவில்லையா? மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா? கையில் வைத்து விளையாடிய பொருள் எதுவும் காணவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கை வைக்காதே, எதையும் ஊட்டாதே, உடனே அனுப்பு. முத்தம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். நாலையும் நெஞ்சில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளிடம் தொக்கம் எடுக்க வந்த பிள்ளைகளில் மூன்று பேரை, தொடாமல், தடவாமல், தானே ஆட்டோ பிடித்து எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது, உறவுக்காரர் வீட்டுக்குக் கிள்ளையிலிருந்து வந்திருந்த குழந்தை. படத்தில் என்ன தெரிந்தது? வாய் திறந்த ஊக்கு! நீவியிருந்தால்? நினைத்துப் பாருங்கள்! அந்தக் குழந்தையின் அம்மா இங்கேதான் இருக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆயிரம் பேர் நம்பி வந்து நிற்கிற இடத்தில், "இது என் கைக்கு மீறியது" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நான் மேடையில் நின்று பேசுகிறேன். அவள் செய்து காட்டியிருக்கிறாள். டாக்டர் ஒரு கண், படம் ஒரு கண் என்றால், நம் தெருவில் இருக்கும் முத்தம்மாள்கள்தான் முதலில் திறக்க வேண்டிய கண்! பிள்ளை முதலில் வருவது அவர்கள் மடிக்கு அல்லவா? அந்த மடியிலிருந்து இந்த அறைக்கு வரும் வழி ஒரு நிமிடம் குறையட்டும். ஓர் உயிர் கூடும்! உள்ளே பார்க்காமல் உறுதி சொல்லமாட்டோம் என்று இந்த மன்றத்தில் சொல்லுங்கள். சொல்வீர்களா? சத்தம் போதாது. சொல்வீர்களா? ஆகா! இது நடராசர் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்!

எனக்குப் பேச இடம் தந்த தலைவருக்கும், மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொறுத்தருளிய செயலாளருக்கும், அழுகிற பிள்ளைகளை ஆட்டிக்கொண்டே கடைசி வரை கேட்ட தாய்மார்களுக்கும், ஒரு செருப்போடு ஓடிய என் சிந்துஜாவுக்கும் நன்றி. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நிறைய உண்டு, நிம்மதியாக உறங்கட்டும் என்று வாழ்த்தி, கை கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!

இறங்குவதற்கு முன் தலைவரிடம் ஒரு கோரிக்கை. டாக்டர் ராபர்ட் ஐயா, புது அறையின் வாசல் சுவரில், எல்லாத் தாய்மார்களும் பார்க்கும்படி, அனுவின் எக்ஸ்ரே படத்தைப் பெயர் போடாமல் மாட்டியிருக்கிறீர்கள். கீழே "இது காசு அல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இருக்கட்டும். ஆனால் அதைப் பார்க்கிற தாய் அடுத்து என்ன கேட்பாள்? "அய்யோ, அந்தப் புள்ள என்னா ஆச்சி?" என்றுதானே கேட்பாள்? அதற்குச் சுவரில் பதில் இல்லையே! முத்தம்மா, வா மேலே. அனுவை மடியில் வை. ரேகா, அந்தத் தூக்குவாளியில் இருந்து ஒன்று எடுத்துக் கொடு. கேமரா வைத்திருக்கும் தம்பி, கிட்டே வா. அனு, ஆயாவைப் பார், நன்றாகக் கடி! ஐயா, இந்தப் புதுப் படத்தையும் அந்த வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கே மாட்டிவிடுங்கள்.